நாற்காலிக்குப் பின்னால் பிரபு, நாற்காலிமேல் பையன்: 'ஃபிகாரோவின் திருமணம்' சின்னத்திரைக்கு வந்தால்

ஃபிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேயின் இந்த நாடகம் பாரிஸில் மேடையேறியது 1784 ஏப்ரல் 27 அன்று. மார்செல் புளுவால் 1961இல் ஃபிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு இதை இயக்கினார். ழான்-பியேர் கசெல் பணியாள் ஃபிகாரோ, ழான் ரோஷ்ஃபோர் அவன் எஜமான் பிரபு அல்மவீவா. நாட்டில் அப்போது ஒரே சேனல்தான். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ஸ்டூடியோவில், நேரலைக்கு இதைக் கொண்டுவந்தால் முதலில் இடறுவது முதல் அங்கத்து நாற்காலி.

பிரபுவின் ஏவல் பையன் ஷெருபன் நாற்காலிக்குப் பின்னால் ஒளிகிறான். பிரபு வந்து உட்காருகிறார். இசை ஆசிரியர் பசீலின் குரல் கேட்டதும் பிரபுவும் பின்னால் பதுங்கப் போக, பையன் சுற்றி வந்து நாற்காலிமேல் ஏறிக்கொள்கிறான். ஃபிகாரோ மணக்கவிருக்கும் பணிப்பெண் சூசான் ஒரு உடையைப் போட்டு அவனை மூடுகிறாள். மேடையில் இதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். குளோசப்புக்குப் போனால் ஒருவர் காணாமல் போவார், சிரிப்பும் போகும். நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, கேமராவுக்குப் பக்கவாட்டாகப் போடுங்கள். 50 மி.மீ. லென்ஸில் 4 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டரை மீட்டர் அகலம் கிடைக்கும், போதும். 35 மி.மீ. வேண்டாம்: கேமரா கிட்டே வரவேண்டியிருக்கும், பின்னால் இருப்பவர் அடுத்த அறையில் நிற்பதுபோல் சிறுத்துவிடுவார்.

——

அதே காட்சிக்கு இன்னொன்று. லென்ஸ்கள் கேமராவின் முகப்பில் ஒரு சுழல்தட்டில் இருக்கும்; ஒளிபரப்பில் இருக்கும்போது தட்டைத் திருப்பினால் படமே சுழலும். ஆகவே முகபாவத்துக்கு வேறொரு கேமரா முன்கூட்டியே தயாராக நிற்கவேண்டும். ஆனால் வைட் ஷாட் கேமராவை அசைக்கவே கூடாது. மூலைக்கு மூலை 43 செ.மீ. உள்ள தொலைக்காட்சிப் பெட்டியின் திரை உயரம் 26 செ.மீ. தான். ஆள் முழு உருவமாக நின்றால் தலை மூன்று செ.மீ.! ஷெருபன் உடைக்குள் இருப்பதை அந்த அளவிலேயே காட்டியாக வேண்டும். துணி மெல்லியதாக, உடல் வடிவம் தெரியும்படி இருக்கட்டும்.

——

உடை விஷயத்தில் ஆசிரியரே வில்லன். நாடகத்தோடு அச்சிட்ட குறிப்பில் சூசானுக்கு வெள்ளை உடை என்கிறார். அந்தக் காலத்து இமேஜ் ஆர்த்திகான் படக்குழாய் கேமராவில் பளிச்சென்ற வெள்ளையைச் சுற்றிக் கரிய வளையம் விழும். வெளிர்மஞ்சளிலோ வெளிர்நீலத்திலோ தோய்த்த துணி திரையில் வெள்ளையாகவே தெரியும், வளையம் வராது. சரிகைக் கழுத்துப்பட்டிக்கும் இதே வைத்தியம்.

ஐந்தாம் அங்கம் அதைவிட மோசம். பிரபுவின் மனைவியான சீமாட்டியும் சூசானும் உடை மாற்றிக்கொள்கிறார்கள். பிரபு ஏமாறவேண்டும், பார்ப்பவர் ஏமாறக்கூடாது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும் திரையில் நிறத்தை நம்ப முடியாது. தலையலங்காரத்தை நம்புங்கள்: சூசானின் உடையிலிருப்பவருக்கு உயரமான கொண்டை, சீமாட்டியின் உடையிலிருப்பவருக்கு வெறுந்தலை. பொமார்ஷே குறிப்பிலும் அப்படித்தான். நிழலுருவிலேயே ஆளைப் பிரித்துவிடலாம்.

——

ஐந்தாம் அங்கம் நடப்பது நள்ளிரவுத் தோட்டம் என்று விளக்குகளை அணைத்தால் படம் முழுக்கப் புள்ளிகள் பொரியும். முகத்துக்கு வெளிச்சம் குறையக்கூடாது. பின்னணி மரங்களை மட்டும் கறுப்பாக்குங்கள். தோட்டக்காரர் மகள் ஃபான்ஷெத் கையிலுள்ள காகித விளக்கு 'இருட்டு' என்பதைச் சொல்லிவிடும்.

——

வெட்டுவது பற்றி: முழு நாடகம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். மூன்றாம் அங்கத்து நீதிமன்றத்தில் தாராளமாகக் கத்தரிக்கலாம். பெண்களின் நிலை குறித்து ஃபிகாரோவின் தாய் மார்செல்லின் கொதிக்கும் பேச்சில் மட்டும் கை வைக்காதீர்கள். 1784இலேயே நடிகர்கள் அதைச் சொல்லாமல் விட்டார்கள், பொமார்ஷே முன்னுரையில் திரும்பச் சேர்த்தார். ஐந்தாம் அங்கத்தில் ஃபிகாரோவின் நெடும் தனிமொழியைப் பாதியாக்கத் தோன்றும். அது முடிந்தவுடனே இரு பெண்களும் மாற்றுடையில் நுழைகிறார்கள். நேரலையில் இடைவேளை இல்லாவிட்டால் கொண்டை மாற்ற அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசத்தில் பெரும்பங்கு அந்தப் பேச்சுதான். அதைக் குறைப்பதற்கு முன் ஒப்பனை அறையில் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

——

ஒலி: தனக்குள் பேசும் வசனத்தை மேடையில்போல உரக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் செவிடாகத் தெரிவார். குரலைத் தாழ்த்தி, நீண்ட கையில் தொங்கும் பூம் மைக்கைத் தலைக்கு மேல் இறக்கவேண்டும். இறக்கினால் நிழல் விழும். முதன்மை விளக்கைப் பூம் கைக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் நிழல் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். இரண்டாம் அங்கத்தில் பூட்டிய அறைக்குள் நாற்காலி விழும் சத்தத்துக்குத் தனி மைக் வையுங்கள். பூம் அப்போது சீமாட்டி பக்கம் இருக்கும், அது சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது.