தோரோ சிவப்பு ஒயின் ஈறை இழுக்குது, தொண்டை எரியுது. என்ன செய்யலாம்?

மாட்ரிட்_வாசி
வணக்கம். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. அதுக்காகத் தோரோங்கிற ஸ்பெயின் ஊரோட கிரியான்சா (பீப்பாயிலயும் பாட்டில்லயும் கொஞ்ச காலம் பழுத்த சிவப்பு ஒயின்) வாங்கி வெச்சிருக்கேன், 15% ஆல்கஹால். ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தா மூக்குல ஸ்பிரிட் நெடி. முதல் மடக்குலயே ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்குது, தொண்டையும் எரியுது. பாட்டில் இருந்தது சமையலறை அலமாரியில, வீட்டுக்குள்ள 28 டிகிரி. ஒயின் கெட்டுப்போச்சா? இதுக்கு மட்டன் சுக்கா சேருமா? ஒருத்தர் மத்தி மீன் டின் வேற கொண்டு வர்றாராம்.

துவேரோ_கரை
கெடலைங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்தா கார்க் கோளாறு. வினிகரோ நெயில் பாலிஷோ மாதிரி அடிச்சா அது வேற கோளாறு. நீங்க சொல்றது ரெண்டுலயும் சேராது.

தோரோ பிறக்கிறது சமோரா மாகாணத்துல, துவேரோ ஆத்துப் பக்கம், 600 மீட்டருக்கு மேல இருக்கிற வறண்ட மேட்டு நிலத்துல. தெம்ப்ரனியோ திராட்சையை அங்க 'தின்தா தே தோரோ'ன்னு சொல்றாங்க. தோல் தடிப்பு, அதனால நிறமும், துவர்ப்பு தர்ற டானினும் அதிகம். வெயில்ல பழத்துல சர்க்கரை ஏறும், அது புளிச்சு ஆல்கஹாலா மாறும். மண் மணல்பாங்கு, 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவோட கொடிகளை அழிச்ச ஃபிலாக்செரா பூச்சியால அந்த மணல்ல பரவ முடியலை. பூச்சி தாங்குற வேற வேர்ல ஒட்டுப் போடாத பழைய கொடிகள் இன்னும் அங்க நிக்குது. எனக்கு அந்த ஊர் ஒயின் மேல இவ்வளவு பிரியம் வர அதுவும் ஒரு காரணம்.

எரிச்சலுக்குக் காரணம் அந்த 28 டிகிரிதான். சூட்டுல ஆல்கஹால்தான் முதல்ல மூக்குல ஏறும். பாட்டிலை ஐஸ் தண்ணியில 10, 15 நிமிஷம் வைங்க. 16, 17 டிகிரிக்கு வந்ததும் குடிச்சுப் பாருங்க, கருப்பு நாவல்பழச் சாயல்ல பழவாசனை மேல வரும். ரொம்பக் குளிர வெச்சுடாதீங்க, டானின் இன்னும் கடுமையாத் தெரியும்.

அடுப்படி_அக்கா
தம்பி, சுக்கா வேண்டாம்ப்பா. மிளகாய்க் காரமும் 15% ஆல்கஹாலும் சேர்ந்தா ஒன்னை ஒன்னு ஏத்திவிடும். ஈறு இழுக்குறது, டானின் எச்சிலோட புரதத்தைப் பிடிச்சுக்கிறதால. கறியோட கொழுப்பும் புரதமும் உப்பும் வாயில இருந்தா அந்த இழுப்பு அடங்கும். அந்த ஊர்க்காரங்க இதோட சாப்பிடுறதே லெச்சாசோ. தாய்ப்பால் மட்டும் குடிச்ச ஆட்டுக்குட்டி, மண் சட்டியில உப்பும் கொஞ்சம் தண்ணியும் விட்டு விறகு அடுப்புல வாட்டுறது. வீட்டு ஓவன்ல குட்டியோட தோள்பட்டையை 160 டிகிரியில மெதுவா வேகவிட்டு, கடைசியில சூட்டை ஏத்தித் தோலை மொறுமொறுப்பாக்கு. பூண்டு, உப்பு போதும். மிளகு தட்டிப் போட ஆசையா இருந்தா கொஞ்சமாப் போடு.

முன்னாடி கொறிக்கச் சமோரானோ சீஸ் வை. செம்மறிப் பால், குறைஞ்சது 100 நாள் பழுத்தது. இந்த ஒயினுக்கு அதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியலை.

மத்தி மட்டும் இதோட வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயின்ல இருக்கிற இரும்பு மீன் எண்ணெயோட சேர்ந்தா வாயெல்லாம் தகர ருசி. அதை முதல்லயே பரிமாறிடு, பக்கத்து ருவேதா ஊரோட வெர்தெஹோ வெள்ளை ஒயினைக் குளிர வெச்சு ஊத்து.

மாட்ரிட்_வாசி
நன்றி அக்கா. ஐஸ் தண்ணியில வெச்சுப் பார்த்தேன், ஸ்பிரிட் நெடி போயிடுச்சு! ஈறு இழுக்குறது கொஞ்சம் இருக்கு. டிகேன்டர்ல, அதான் ஒயினைக் காத்தாட விடுற ஜாடியில, ஊத்தி வெச்சா போயிடுமா?

பழஞ்சரக்கு
ரெண்டு மணி நேரம் முன்னாடி ஊத்தி வைங்க. வாசனை திறக்கும், ஓக் மரப் பீப்பாயோட நெடி அடங்கும். வாய் அகண்ட ஜாடி இருந்தாலும் போதும்.

துவேரோ_கரை
இளசா இருந்தா சரி. கிரியான்சான்னா ஸ்பெயின் சட்டப்படி மொத்தம் 24 மாசம், அதுல ஓக் பீப்பாயில குறைஞ்சது 6 மாசம். ரியோஹா, ரிபேரான்னு ஸ்பெயினோட மத்த ஒயின் பகுதிகள்ல பீப்பாயில 12 மாசம். இந்த வயசுக்குக் காத்து நல்லது. ரொம்ப வருஷம் ஆன கிரான் ரிசர்வாவை இப்படிச் செய்யாதீங்க, இருக்கிற மென்மையான வாசனையும் பறந்துடும். ஆனா டானினை ஜாடி முழுசாக் கரைக்காது, கறிதான் அடக்கும். இந்தக் கோடையில ஜாடி மறுபடி சூடாகிடும், மேசையில குளிர்ந்த தண்ணிப் பாத்திரத்துல வைங்க.

மாட்ரிட்_வாசி
திறந்த பாட்டில்ல பாதிக்கு மேல மிச்சம். ஞாயிறு வரைக்கும் தாங்குமா?

அடுப்படி_அக்கா
இன்னைக்கு வியாழன்தானே, கார்க்கை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வை. இந்த மாதிரி கெட்டியான ஒயின் ரெண்டு, மூணு நாள் தாங்கும். ஞாயித்துக்கிழமை மந்தமா இருந்தா, கறி வெந்த சட்டியில ஊத்திச் சுண்டவிட்டுக் குழம்பாக்கிடு.