ஹெல்த் 96% காட்டிய எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போனது, உதவுங்கள்

மழைக்குறிப்பு:
500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நேற்று கோப்பு நகலாகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்ப ஆன் செய்தால் பயாஸில் டிரைவே இல்லை. போன வாரம் ஸ்மார்ட்டில் (டிரைவ் தன்னைப் பற்றித் தரும் அறிக்கை) ஹெல்த் 96% என்று இருந்ததே! கோப்புகளை மீட்க வழி உண்டா?

தட்டச்சன்:
அந்த 96% தரவு பதியும் மெமரி செல்களின் தேய்மானக் கணக்கு, அவ்வளவுதான். டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் வகை) செல்கள் பொதுவாக 1,000 முதல் 3,000 தடவை எழுதி அழிப்பதைத் தாங்கும். வீட்டு உபயோகத்தில் அதை எட்டுவது அபூர்வம். கன்ட்ரோலரோ (டிரைவை இயக்கும் சிப்) ஃபர்ம்வேரோ (அதன் உள் மென்பொருள்) எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

மழைக்குறிப்பு:
மாற்றியாச்சு. வேறு கணினியில் போட்டால் தெரிகிறது, ஆனால் பெயர் என்னமோ புரியாத எழுத்துகள், கொள்ளளவு சில எம்பிதான். விண்டோஸ் இனிஷியலைஸ் (புது டிரைவாகத் தயார்) செய்யச் சொல்கிறது. செய்யலாமா?

தட்டச்சன்:
வேண்டாம், கேன்சல் கொடுங்கள். எந்தத் தரவு எந்தச் செல்லில் கிடக்கிறது என்று கன்ட்ரோலர் ஒரு அட்டவணை வைத்திருக்கும். அதைப் புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை குலையலாம். படிக்க முடியாவிட்டால் கன்ட்ரோலர் இப்படி அரைகுறையாக எழுந்து நிற்கும். சர்வர் எஸ்எஸ்டிகளில் இதற்காகவே மின்தேக்கிகள் வைப்பார்கள். வீட்டு ரகங்களில் பெரும்பாலும் கிடையாது.

கழற்றிமாட்டி:
ஒன்று முயன்று பாருங்கள். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு பவர் மட்டும் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் பவரை நிறுத்தி, டேட்டா கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். சில டிரைவ்கள் அந்த நேரத்தில் அட்டவணையைத் தாமே சரிசெய்துகொள்ளும். உறுதி சொல்ல முடியாது. ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றும் வீடியோக்கள் பக்கம் போகாதீர்கள், டிரைவ் உயிர்பெறும், தரவு போய்விடும். சிப்பைக் கழற்றிப் படிக்கலாம் என்பாரும் உண்டு. பல கன்ட்ரோலர்கள் குறியாக்கம் செய்தே எழுதுவதால் அது லேசில் நடக்காது.

தேய்மானமே இல்லாமலும் எஸ்எஸ்டி சாகும் என்பதற்கு நல்ல உதாரணம்: 2019-இல் சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் (சர்வர் ரக) எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்று அறிவித்தது. காரணம் ஃபர்ம்வேர் பிழை.

மழைக்குறிப்பு:
வந்துவிட்டது!! இரண்டாம் தடவையில் முழுக் கொள்ளளவும் தெரிகிறது. காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இதையே தொடர்ந்து பயன்படுத்தலாமா?

தட்டச்சன்:
நானாக இருந்தால் மாட்டேன். காப்பி முடியும்வரை அதில் எதுவும் எழுத வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். முடிந்ததும் முக்கியமான கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு வாரன்ட்டிக்கு அனுப்புங்கள்.