ஐரோப்பா – அமெரிக்கா: இது ஊடலா, பிரிவா?

வடகரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 பிப்ரவரியில் இரண்டு வாரங்களுக்குள் நடந்த மூன்று நிகழ்வுகளை முன்வைத்து இவ்விவாதத்தைத் தொடங்குகிறேன். 14ஆம் தேதி மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் பேசிய அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், ஐரோப்பாவைப் பற்றித் தமக்குள்ள பெருங்கவலை ரஷ்யாவோ சீனாவோ அல்ல, ஐரோப்பாவுக்கு உள்ளிருந்தே எழும் ஆபத்துதான் என்று ஐரோப்பியத் தலைவர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார். 23ஆம் தேதி இரவு, ஜெர்மன் தேர்தலில் வென்ற கையோடு, ஐரோப்பா படிப்படியாக அமெரிக்கச் சார்பிலிருந்து விடுபட்டாக வேண்டும் என்று பிரீட்ரிக் மெர்ட்ஸ் தொலைக்காட்சியில் அறிவித்தார். அமெரிக்க நட்புக்காகவே இயங்கும் ‘அட்லாண்டிக் பாலம்’ என்னும் ஜெர்மன் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்த்தால் அச்சொற்களின் எடை புரியும். 28ஆம் தேதி வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியைச் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே டிரம்பும் வான்ஸும் கடிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் உக்ரைனுக்கான ஆயுத உதவியும் உளவுத் தகவல் பகிர்வும் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது டென்மார்க்குக்கு உட்பட்ட கிரீன்லாந்து தீவு. 1951இல் டென்மார்க்குடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா அங்கே படைத்தளம் வைத்திருக்கிறது; முன்பு துலே என்றும் இன்று பிட்டுஃபிக் என்றும் அழைக்கப்படும் அத்தளத்திலிருந்து ஏவுகணைக் கண்காணிப்பு தடையின்றி நடக்கிறது. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் புதிதாகக் கேட்டுப் பெற அங்கே பெரிதாக ஏதும் மிச்சமில்லை. அப்படியிருந்தும், அத்தீவைக் கைக்கொள்ளப் படைபலத்தையோ பொருளாதார நெருக்கடியையோ பயன்படுத்த மாட்டேன் என்று உறுதியளிக்க 2025 ஜனவரியில் டிரம்ப் மறுத்தார். வீட்டுக்குக் காவல் வந்தவர் ஓர் அறையைத் தம் பெயருக்கு எழுதித் தரச் சொன்னால் அவரை இன்னும் காவலர் என்றா அழைப்பது? அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணிக்கு நேட்டோ என்ற பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருக்கலாம். 1949இல் அதற்கு இருந்த பொருள் போய்விட்டது என்பதே என் வாதம்.

கொற்கைமாறன் எழுதியது:

வடகரை அவர்களுக்கு வணக்கம். தாங்கள் சொன்ன செய்திகளில் எதையும் நான் மறுக்கவில்லை. இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை என்று தாங்கள் கருதுவதைத்தான் மறுக்கிறேன்.

1956ஐ எடுத்துக்கொள்வோம். சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமை ஆக்கியதும், பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு இரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு எகிப்தின் மீது படையெடுத்தன. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு படைவீரரைக்கூட அனுப்பாமல் அப்போரை நிறுத்தினார். பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்த வேளையில், பன்னாட்டு நாணய நிதியத்திலிருந்து பிரிட்டன் பணம் எடுக்க முடியாதபடி அமெரிக்கா தடுத்துவிட்டதால், படைகள் கால்வாய்க்கரையில் இறங்கிய மறுநாளே லண்டன் போர்நிறுத்தத்துக்கு இணங்க நேர்ந்தது; 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். இதைவிடக் கடுமையான அவமானத்தை டிரம்ப் எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் இன்னும் இழைத்துவிடவில்லை. ஆனாலும் பிரிட்டன் அமெரிக்காவைவிட்டு விலகிப் போகவில்லை, முன்னிலும் நெருங்கிப் போய் ஒட்டிக்கொண்டது.

பிறகு 1966இல் நேட்டோவின் கூட்டுப்படைத் தலைமையிலிருந்து பிரான்சை அதன் அதிபர் டி கோல் வெளியே கொண்டுவந்தார். நேட்டோ தலைமையகம் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மூட்டை கட்டியது. 1982இல் சோவியத் எரிவாயுவை ஐரோப்பாவுக்குக் கொண்டுவரும் சைபீரியக் குழாய்க்குக் கருவிகள் வழங்கிய ஐரோப்பிய நிறுவனங்கள் மீது அமெரிக்க அதிபர் ரீகன் தடை விதித்தபோது, அவருடைய நெருங்கிய தோழியான மார்கரெட் தாட்சரின் அரசே அத்தடைக்குப் பணிய வேண்டாம் என்று பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. 2003இல் அமெரிக்காவின் ஈராக் போரை பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு முறையும் முடிந்தது கதை என்று எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் கதை தொடர்ந்தது. தமிழில் இதற்கு ஊடல் என்று பெயர்.

2025 ஜூலையில் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். தன் ஏற்றுமதிகளில் பெரும்பாலானவற்றின் மீது அமெரிக்கா விதிக்கும் 15 விழுக்காடு வரியை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. அதோடு 750 பில்லியன் டாலருக்கு அமெரிக்க எரிபொருள் முதலியவற்றை வாங்குவதாகவும் ஒப்புக்கொண்டது. பிரிந்து போகிறவர்கள் இப்படியா கணக்குத் தீர்ப்பார்கள்?

அல்லி எழுதியது:

நீங்கள் இருவருமே ‘ஐரோப்பா’ என்று ஒருமையில் எழுதுவது எனக்கு நெருடுகிறது. எஸ்தோனியாவின் நார்வா நகரில் நின்றால் ஆற்றின் அக்கரையில் ரஷ்யக் கோட்டை தெரிகிறது. மாட்ரிட்டிலிருந்து பார்த்தால் ரஷ்யா தொலைதூரச் செய்தி. போலந்து தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்புக்குச் செலவிட்டு, அமெரிக்க டாங்கிகளையும் எஃப்-35 விமானங்களையும் வாங்குகிறது. 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ மாநாடு, 2035க்குள் 5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று முடிவெடுத்தபோது ஸ்பெயின் தன்னால் இயலாது என்று விலகிக்கொண்டது. எஃப்-35 வாங்கும் எண்ணத்தையும் அதே ஆண்டு கைவிட்டது. இந்த இருவரில் எவருடைய ஊடலைப் பற்றிப் பேசுகிறோம்?

வடகரை எழுதியது:

அல்லி அவர்களின் கண்டிப்பு நியாயமானது, ஏற்கிறேன். கொற்கைமாறன் ஐயாவின் சூயஸ் எடுத்துக்காட்டில் மட்டும் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. பிரிட்டன் ஒட்டிக்கொண்டது உண்மை. பிரான்ஸ் நேர்மாறான பாடத்தைப் படித்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்தில் ஜெர்மனியோடு கையெழுத்திட்டது, 1960இல் சகாரா பாலைவனத்தில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஆக, சூயஸில் பிறந்தவை இரண்டு பிள்ளைகள். அவற்றில் ஒன்றை மட்டுமே தாங்கள் பேசுகிறீர்கள்.

இன்னொன்று. சூயஸ் முதல் 1982 வரையிலான சச்சரவுகள் எல்லாவற்றிலும் சோவியத் ஒன்றியம் என்ற பொது எதிரி கிழக்கே நின்றுகொண்டிருந்தது. சண்டையிட்ட இருவரும் அன்று மாலையே ஒரே கூரையின் கீழ் படுத்தாக வேண்டிய நிலை. இன்று வாஷிங்டனின் பார்வை சீனாவின் மீது இருக்கிறது, அதுவும் டிரம்பால் மட்டும் வந்ததன்று. ஆசியப் பக்கம் திரும்புவதாக 2011இலேயே ஒபாமா அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் பதவி விலகும் தறுவாயில் பிரஸ்ஸல்ஸுக்கு வந்த பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், லிபியப் போரில் சில வாரங்களுக்குள்ளாகவே ஐரோப்பியர்களின் குண்டுகள் தீர்ந்துவருவதைச் சுட்டிக்காட்டி, இப்படியே போனால் நேட்டோவின் எதிர்காலம் மங்கிவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். எச்சரித்தவர் பண்பாகப் பேசியதால் எவரும் கேட்கவில்லை.

நிலவழகன் எழுதியது:

நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வங்கித் துறையில் பணிபுரிபவன். படைகள், விமானங்கள் பற்றிய தங்கள் வாதங்களை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் ஐரோப்பாவின் கட்டு உண்மையில் எங்கே இறுகியிருக்கிறது என்பதைப் பணம் செல்லும் வழியில்தான் பார்க்க முடியும் என்பது என் கருத்து.

ஈரானின் அணுசக்தித் திட்டம் குறித்த 2015ஆம் ஆண்டு உடன்பாட்டில் பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் பங்காளிகள். 2018 மே மாதத்தில் அமெரிக்கா தனியாக அதிலிருந்து வெளியேறி, ஈரானோடு வணிகம் செய்யும் எவரையும் தண்டிப்பதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் சும்மா இருக்கவில்லை; கியூபா விவகாரத்துக்காக 1996இல் இயற்றி உறங்கவிட்டிருந்த ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, இந்த அமெரிக்கத் தடைக்குக் கீழ்ப்படிவது ஐரோப்பிய நிறுவனங்களுக்குக் குற்றம் என்றே சொன்னது. நடந்தது என்ன? பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல், சவுத் பார்ஸ் எரிவாயு வயலைவிட்டுக் கிளம்பியது. வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் நிறுவனம் பெல்ஜியச் சட்டத்தின் கீழ் இயங்குவது, பிரஸ்ஸல்ஸுக்கு அருகில் அமைந்திருப்பது; அதுவும் 2018 நவம்பரில் ஈரானிய வங்கிகளின் இணைப்பைத் துண்டித்தது. சொந்த மண்ணில் இயங்கும் நிறுவனம் சொந்தச் சட்டத்தைவிட அயல்நாட்டுக் கருவூலத்துக்கு அஞ்சியது என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: டாலரைத் தொடாமல் எந்தப் பெரிய வங்கியாலும் ஒரு நாள்கூடத் தொழில் நடத்த முடியாது.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து 2019 ஜனவரியில் பாரிஸில் இன்ஸ்டெக்ஸ் என்றொரு மாற்று வழியை நிறுவின. பணம் எல்லை தாண்டாமல், ஐரோப்பாவுக்குள் ஒரு கணக்கு, ஈரானுக்குள் ஒரு கணக்கு என்று பண்டமாற்றுப் போல ஈடுகட்டிக்கொள்வது அதன் உத்தி. அதன் வழியாக 2020 மார்ச்சில் மருத்துவப் பொருட்கள் ஒரு முறை ஈரானுக்குச் சென்றன. அவ்வளவுதான், 2023இல் அதைக் கலைத்துவிட்டார்கள். கொற்கைமாறன் ஐயா 1982ஐப் பற்றி எழுதியிருந்தார் அல்லவா? அன்று தாட்சரின் ஆணைக்கு நிறுவனங்கள் கட்டுப்பட்டன, சில மாதங்களில் ரீகன் தடையை விலக்கிக்கொண்டார். 2018இல் அதே போன்ற ஆணையை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவின் சார்பு குறைந்திருக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது.

கொற்கைமாறன் எழுதியது:

நிலவழகன் அவர்களின் பதிவு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. இதில் நான் மகிழ ஏதுமில்லை என்பது வேறு. அணு ஆயுதத்திலும் இதே கதைதான். பிரிட்டனின் நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனிலேயே கட்டப்பட்டவை, அணுகுண்டு முனைகளும் அங்கேயே செய்யப்பட்டவை. ஆனால் அவற்றைச் சுமக்கும் டிரைடெண்ட் ஏவுகணைகள் இரு நாடுகளின் பொதுக் கையிருப்பிலிருந்து பெறப்படுபவை, பராமரிப்புக்காக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கிங்ஸ் பே தளத்துக்குச் செல்பவை. யாரிடமும் கேட்காமல் பழுதுபார்த்துக்கொள்ளக்கூடிய அணு ஆயுதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பிரான்சிடம் மட்டுமே இருக்கிறது. ஏறத்தாழ 290 அணுகுண்டு முனைகளை வைத்துக்கொண்டு நார்வாவையும் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸையும் காப்பேன் என்று பாரிஸ் சொன்னால், அதை அந்நகரங்களில் வாழ்பவர்கள் நம்புவார்களா?

உக்ரைனுக்கு உதவும் முறையும் மாறிவிட்டது. 2025 ஜூலை முதல் அமெரிக்க ஆயுதங்களை ஐரோப்பியர்கள் தங்கள் பணத்தில் வாங்கி அனுப்புகிறார்கள். கொடையாளி கடைக்காரராக மாறியிருக்கிறார். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகவில்லை.

வடகரை எழுதியது:

வேறு கடை இல்லை என்பதால் போகவில்லை. இப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கடன் வாங்குவதையே ஒழுக்கக்கேடாகக் கருதும் ஜெர்மனியில் (அம்மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்தான்) 2025 மார்ச்சில் அரசியலமைப்பையே திருத்தி, மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விலக்கினார்கள். புதிய நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்காது என்பதால், கலையவிருந்த பழைய நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி அதை நிறைவேற்றினார்கள். அதே ஆண்டு லிதுவேனியாவில் 5,000 பேர் கொண்ட ஜெர்மன் படைப்பிரிவை நிலையாக நிறுத்தும் பணி முறைப்படி தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி வேறொரு நாட்டில் நிரந்தரமாகப் படை வைப்பது இதுவே முதல் முறை. ஊடலில் இருப்பவர் தனிச் சமையலறை கட்டமாட்டார்.

அல்லி எழுதியது:

சமையலறை கட்டும் முயற்சி இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. பிரான்சே முன்மொழிந்த ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம், அதாவது மேற்கு ஜெர்மனி உட்பட ஆறு மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே படை, 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே தோற்கடிக்கப்பட்டது. ஜெர்மானியர்களோடு ஒரே சீருடை அணிய அன்றைய பிரெஞ்சு உறுப்பினர்கள் பலருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் மேற்கு ஜெர்மனி 1955இல் நேட்டோவுக்குள் வந்தது. வடகரை ஐயா புகழும் அதே ஜெர்மன் மறுஆயுதமாக்கலை வார்சாவிலும் பாரிஸிலும் எல்லோரும் நிம்மதியோடு பார்ப்பார்கள் என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்த அச்சம் எழாமல் இருந்ததற்கு நடுவில் அமெரிக்கப் படை இருந்ததும் ஒரு காரணம்.

நிலவழகன் எழுதியது:

என் முந்தைய பதிவுக்கு ஒரு பிற்சேர்க்கை. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பிடியாணை பிறப்பித்ததை ஒட்டி, அதன் நீதிபதிகள் சிலர் மீது 2025இல் அமெரிக்கா தடை விதித்தது. அவர்களில் நிக்கோலா கியூ பிரெஞ்சுக் குடிமகன். ஐரோப்பாவில் வாழ்ந்து, ஐரோப்பாவில் பணியாற்றுபவர். தமக்கு அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகள் மூடப்பட்டதையும், பிரான்சுக்குள்ளேயே ஒரு விடுதியில் செய்திருந்த முன்பதிவு நீக்கப்பட்டதையும் அவரே செய்தித்தாளுக்குச் சொன்னார். ஐரோப்பிய மத்திய வங்கி, தானே வெளியிடும் மின்னணுப் பணமான ‘டிஜிட்டல் யூரோ’வைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆலோசித்து வருகிறது. அது வரும் வரை, இதே ஊரில் அவ்வங்கியின் கோபுரத்துக்குக் கீழே உள்ள ரொட்டிக்கடையில் நான் காலையில் அட்டையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு யூரோ ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வழியாகத்தான் கடைக்காரரிடம் போய்ச் சேருகிறது.