திருச்சியிலிருந்து கும்பகோணம் ஒன்றரை மணி நேரமா?

குடந்தைக்காரன்:
நேற்று ஒருவர் "கோயில் நகரம் கும்பகோணம், ஒரே நாளில்" என்று பயணக் குறிப்பு போட்டிருக்கிறார். காலையில் திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, கார் பிடித்து, "ஒன்றரை மணி நேரத்தில்" கும்பகோணம் வந்து, பதினோரு கோயில் பார்த்து, ராத்திரி விமானத்தில் திரும்பிவிடலாமாம். படித்ததும் வயிறு எரிந்தது. 90 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது ஐயா. டிவிஎஸ் டோல்கேட், திருவெறும்பூர், துவாக்குடி தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். ஒன்றரை மணியில் எந்த வழியாக வந்தீர்கள்?

ஊர்சுற்றி:
அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். விடியற்காலையில் கிளம்பினோம், சாலையில் கூட்டமே இல்லை. தஞ்சாவூருக்குள் நுழையவே இல்லை, புது நான்கு வழிச்சாலையைப் பிடித்தோம். நீங்கள் இன்னமும் அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகப் பழைய சாலையில் போய்க்கொண்டிருந்தால் நான் என்ன செய்ய?

குடந்தைக்காரன்:
முப்பத்தைந்து என்று இப்போது சொல்கிறீர்கள். குறிப்பில் ஒன்றரை என்றுதானே போட்டீர்கள்? உங்களை நம்பி வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருவர் பத்து மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? ஊருக்குள் வந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, கும்பேசுவரர் கோயில் கடைத்தெருவில் நடந்து உள்ளே போவதற்குள் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நாலு மணி நேரமும் அவர்கள் எங்கே உட்காருவார்கள்? சொல்லுங்கள்.

மெயின்லைன்:
எதற்கு விமானம்? சென்னை எழும்பூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் கும்பகோணம். பகலில் வர வேண்டுமென்றால் சோழன் இருக்கிறது. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை என்று வருகிற இதுதான் உண்மையான மெயின் லைன். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே போகிற கார்டு லைன் பின்னால் வந்தது. ஆனால் அங்கே இரட்டைப் பாதை போட்டாகிவிட்டது, நாங்கள் விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை இன்னும் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் வண்டிக்குக் காத்துக்கிடக்கிறோம். இதைப் பற்றி எழுத ஆள் இல்லை, ஒன்றரை மணிக்குச் சண்டை போட மட்டும் ஆள் இருக்கிறது.

ஊர்சுற்றி:
ரயில் வேண்டியவர்கள் ரயிலில் வரட்டும், நான் தடுத்தேனா? கார் ஓட்டியவன் நான். நேரம் எனக்குத்தான் தெரியும்.

தஞ்சைத் தலையாட்டி:
எனக்குக் கோபம் வேறு. பெரிய கோயில் விமானம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போகிறீர்கள், "தஞ்சாவூருக்குள் நுழையவே இல்லை" என்று பெருமை வேறு. இராசராசன் 1010-இல் கட்டி முடித்த கோயில், சுற்றிலும் எழுத்து எழுத்தாகக் கல்வெட்டு. அதை விட்டுவிட்டுக் கோயில் நகரம் பார்க்கப் போகிறாராம். எது கோயில் நகரம்?

குடந்தைக்காரன்:
வந்துவிட்டார் தஞ்சாவூர்க்காரர். உங்களுக்கு ஒரு பெரிய கோயில். எங்களுக்குத் தெருவுக்குத் தெரு கோயில். சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி, நாகேசுவரன், சோமேசுவரர் என்று நடந்தே பார்க்கலாம். மகாமகக் குளத்தைச் சுற்றி மட்டும் பதினாறு மண்டபம். எங்களைத் தனி மாவட்டமாக்கக்கூட உங்களுக்கு மனசு வரவில்லை. மயிலாடுதுறை 2020-லேயே மாவட்டம் ஆகிவிட்டது.

தஞ்சைத் தலையாட்டி:
மாவட்டத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் உடனே மாவட்டம். நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவை வைத்து "கும்பகோணம் டிகிரி காபி" என்று விற்கிறார்களே, முதலில் அதைக் கேளுங்கள்.

குடந்தைக்காரன்:
அந்தக் கடைகளுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காபியை இழுக்காதீர்கள். விஷயம் ஒன்றரை மணி.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற தாராசுரம் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்சுற்றி அதற்கு "இருபது நிமிடம்" கொடுத்திருக்கிறார். இருபது நிமிடம்! இரண்டாம் இராசராசன் கட்டியது. குதிரை இழுக்கிற தேர்போல மண்டபம், சக்கரம் பூட்டியிருக்கும். கருவறையைச் சுற்றி அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதை வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் சிற்பம், நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எது கண்ணப்பர் என்று புரியும். மேலே பெயர்கூட வெட்டியிருக்கிறார்கள். என் அப்பா என்னைச் சிறுவனாகக் கூட்டிக்கொண்டு போய் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துப் படிக்கச் சொன்னார். முதல் நாள் நாலு பேரைத்தான் படித்தோம். வெயில் ஏறியதும் கல்தரையில் கால் வைக்க முடியவில்லை, திரும்பிவிட்டோம். அதற்கு இருபது நிமிடம் போதுமா?

ஊர்சுற்றி:
நான் பார்த்தேன். தட்டினால் ஓசை எழுப்புகிற இசைப்படிகளையும் பார்த்தேன், கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். எல்லாருக்கும் உங்களைப்போல ஊரிலேயே இருக்கக் கொடுத்துவைக்கவில்லை ஐயா. எனக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மகாமகக் குளத்தில் கால் நனைக்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார், கூட்டிக்கொண்டு போனேன். அதில் என்ன தப்பு?

குடந்தைக்காரன்:
அம்மாவைக் கூட்டிவந்ததில் தப்பே இல்லை. ஒன்றரை மணி என்று எழுதியதுதான் தப்பு.

மெயின்லைன்:
தாராசுரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது, தெரியுமா? பாசஞ்சரில் வந்து அங்கேயே இறங்கலாம். யாராவது எழுதினீர்களா?

தஞ்சைத் தலையாட்டி:
பெரிய கோயிலைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஊர்சுற்றி:
ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். காரில் மணி பார்த்துக்கொண்டே வந்தேன். மாற்றி எழுத மாட்டேன்.

குடந்தைக்காரன்:
அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அன்றைக்கு இதே குறிப்பை நம்பி எத்தனை பேர் துவாக்குடியில் நிற்கப் போகிறார்களோ. சரி, நீங்கள் கிளம்பிய நேரம் எது, விமான நிலைய வாசலிலா அல்லது துவாக்குடி தாண்டியா? அதை முதலில் சொல்லுங்கள்.