தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

மங்கை பெரியம்மா: பிரபுவுக்கும் காசநோய்தானாம், சளிப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. அப்பாவுக்கு வந்தது, தம்பி மணிக்கு வந்தது, இப்போது அவன் மகனுக்கு. நம் வம்சத்திலேயே ஓடுகிறது.

சேகர் மாமா: அக்கா, தேவிக்கு வரன் பார்க்கிற நேரம். பார்த்து எழுதுங்கள்.

மங்கை பெரியம்மா: மறைத்துக் கல்யாணம் செய்கிற குடும்பமா நாம்?

தேன்மொழி: பெரியம்மா, கிருமி ரத்த வழியில் வருவதில்லை. காற்றில் வருகிறது. அது உள்ளே போன நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக முற்றுகிறது.

மங்கை பெரியம்மா: அந்தப் பத்துப் பேரும் நம் வீட்டிலேயே பிறந்திருக்கிறார்களே!

தேன்மொழி: நீங்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1943இல் நியூயார்க்கில் இரட்டையர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, தனித்தனிக் கருவாக உருவான இரட்டையரைவிட, ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. தாங்கும் சக்தியில் பரம்பரைக்குப் பங்கு உண்டு.

சேகர் மாமா: அப்பாவும் மணியும் படுத்தது நெல் மூட்டை அறையில். ஜன்னல் பாதிக்கு மேல் மூட்டைதான் மறைத்திருக்கும். பிரபுவின் தொட்டில் கட்டியிருந்ததும் அதே உத்தரத்தில். இதில் ரத்தம் எது, அறை எது என்று எப்படிப் பிரிப்பது?

தேன்மொழி: அதுதான் மாமா. கிருமி பல வருடம் உடம்பில் தூங்கியும் கிடக்கும்.

கலா அத்தை: பிரபுவின் தட்டு, தம்ளரை நேற்றே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

தேன்மொழி: தட்டில் பரவாது அத்தை, சேர்த்தே கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் பாதிப் பேரைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டில் நெரிசல், சாப்பாடும் மட்டம். ஆனாலும் குணமானது ஏறக்குறைய சமம். வீட்டாருக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை.

பிரபு: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

மங்கை பெரியம்மா: இருக்கட்டுமடா. உனக்குத் தெரியாததையா எழுதினேன்?

பிரபு: பாப்பாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, தேன்மொழி. அவளுக்கும் என் ரத்தம்தானே?

தேன்மொழி: ஐந்து வயதுக்குள் இருப்பவளை முதலில் காட்ட வேண்டும், பிரபு. அவளுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். அத்தை, தேவி, உன் மனைவி மூவரும் கூடவே போகட்டும். சாப்பாட்டையும் விடாதே. ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளைவிட, அங்கே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் வெளியான முடிவு. யாருடைய மரபணுவையும் மாற்றவில்லை, சோற்றைத்தான் கூட்டினார்கள்.

சேகர் மாமா: திங்கள் காலை கார் எடுத்து வருகிறேன். கலா, எல்லாருடைய ஆதாரையும் எடுத்து வை.

மங்கை பெரியம்மா: வாராவாரம் நாட்டுக்கோழி முட்டை அனுப்புகிறேன். யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

பிரபு: அத்தை, எனக்கு முட்டை நாற்றமே ஆகாது.

மங்கை பெரியம்மா: அதுவும் உன் தாத்தா புத்திதான்.