மறுமொழி: ரேடியேட்டர் பக்கத்து டப்பாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களே,

வாகனப் பழுதுநீக்கப் பயிற்சி மாணவர்களுக்கான பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு மட்டக்கோடு போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்குமே, அதுதான். எஞ்சின் சூடேறினால், அதைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட் விரியும். அழுத்தம் ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்த அலகு) கூடியதும் ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் வால்வு திறந்து, மிஞ்சியதைச் சிறு குழாய் வழியே டப்பாவுக்கு அனுப்பிவிடும். இப்போதைக்கு ‘வழிகலம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

---

ஐயா, வணக்கம்.

வழிந்த, வழிகிற, வழியும் கலம் என முக்காலமும் அடங்கும் நல்ல வினைத்தொகை. ஆனாலும் ‘வழி’ என்றதும் மாணவருக்குப் பாதைதான் நினைவுக்கு வரும். ஏரி நிரம்பினால் மிகுநீர் வெளியேறுவது கலிங்கில். கலுங்கு, கலிங்கல் என்றும் சொல்வார்கள். கல்லால் கட்டியதால் வந்த பெயர் என்பது என் கருத்து. அந்த வேரிலிருந்து ‘கலிங்குக்கலம்’ என்று ஆக்கலாம். ‘கலம்’ நீர்க்கொள்கலனைக் குறிப்பதற்குக் குறள் 660-இல் வரும் பசுமட்கலமே போதிய சான்று.

---

கலிங்கு அருமையான சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. கலிங்கில் போன நீர் ஏரிக்குத் திரும்புவதில்லை. இந்த டப்பா இருப்பதே திரும்புவதற்காக. பழைய கார்களில் டப்பா கிடையாது, வழிந்தது சாலையில் சொட்டிப் போய்விடும், அப்புறம் ரேடியேட்டரில் ஊற்றி நிரப்ப வேண்டும்.

மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது. எஞ்சின் ஆறக் கூலன்ட் சுருங்கி, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும்போது அது திறந்து, டப்பாவிலிருந்து கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் குழாயின் முனை டப்பாவின் அடிவரை இறங்கி எப்போதும் மூழ்கியிருக்கிறது. மட்டம் அதற்குக் கீழே போனால் காற்றைத்தான் இழுக்கும். இவ்வளவையும் மறைத்துவிட்டு ‘வழி’ என்று மட்டும் சொன்னால், மாணவர் அதைக் கழிவு டப்பா என்றுதான் நினைப்பார். என் பரிந்துரை: மீள்கலம்.

---

மீள்வது கூலன்ட். கலம் எங்கே மீள்கிறது? ‘மீட்புக்கலம்’ என்று திருத்தினால், கடலில் ஆளைக் காப்பாற்றும் கப்பல் ஆகிவிடும். அதோடு ‘மீள்’, ‘மீட்சி’ என ளகரம் டகரமாகத் திரிகிறதே, ‘மீட்கலம்’ என்றல்லவா எழுத வேண்டும்?

---

அம்மா, வினைத்தொகையில் அந்தத் திரிபு வராது. கொள்கலத்தை யாரும் ‘கொட்கலம்’ என்று எழுதுவதில்லை. உண்கலம் எதையும் உண்பதுமில்லை. அது உண்பதற்கான கலம். மீள்கலமும் அப்படியே.

எனக்குப் பெரிய கவலை வேறு. எல்லா வண்டியிலும் இந்த டப்பா ஒரே வேலையைச் செய்வதில்லை. பல புதிய கார்களில் அழுத்த மூடியே டப்பாவின் மேல்தான் இருக்கும். கூலன்ட் அதற்குள் சுற்றி வரும், காற்றுக்குமிழி அங்கே பிரியும், டப்பாவே அழுத்தத்தில் இருக்கும். நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரி செல்சியசில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் கூடினால் சுமார் 129 டிகிரி வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து மாணவரை அந்த மூடிமேல் கைவைக்க விடக்கூடாது. அழுத்தமில்லாததை மீள்கலம் என்றும், அழுத்தத்தில் இருப்பதை விரிவுக்கலம் என்றும் பிரித்தே எழுதுங்கள்.

---

கலம் எல்லாம் தமிழாகிவிட்டது, ‘கூலன்ட்’ மட்டும் அப்படியே நிற்கிறதே! குளிர்வி என்ற சொல் கையில் இருக்கும்போது ஏன் தயக்கம்? ரேடியேட்டரைக் கதிர்வீசி என்பதும் தவறு. வெப்பத்தின் பெரும்பகுதியை அங்கே கொண்டுபோவது ஓடும் காற்று, கதிர்வீச்சு அல்ல. ‘வெப்பமாற்றி’ என்க.

---

குளிர்வியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகும் மாணவர் கூலன்ட் என்றுதான் கேட்டு வாங்க வேண்டும். புட்டியிலும் அதுதான் அச்சிட்டிருக்கும். பாடம் பழுதுபார்ப்பவருக்கு, அகராதிக்கு அல்ல.

---

அன்பர்களே, எல்லாருக்கும் நன்றி. நால்வர் மீள்கலத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள், இருவர் எதிர்க்கிறார்கள். மீள்கலம், விரிவுக்கலம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கூலன்ட், ரேடியேட்டர் இப்பதிப்பில் அப்படியே இருக்கும். சூடான மூடி பற்றிய எச்சரிக்கையைத் தனிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் போடச் சொல்லிவிட்டேன்.

---

குளிர்விக்கு இடமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. புட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைப் பார்த்துப் பாடநூல் எழுதினால், தமிழ்ச் சொல் புட்டியில் ஏறுவது எப்போது? அடுத்த பதிப்பு வரும்போது இதே இழையில் மீண்டும் கேட்பேன்.