புதுப்பிப்பு: கோத்தகிரி ஏற்றத்தில் வந்த கருகல் வாசனை

என் 2013 மாடல் டீசல் எஸ்யூவியைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது கருகல் வாசனை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வேகம் கூடுவதில்லை. டர்போ (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் பாகம்) போய்விட்டது என்று சிலர் பயமுறுத்தினீர்கள். டர்போ பிழைத்தது. போனது இன்ஜின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச்தான்.

குன்னூரில் கியர்பாக்ஸை இறக்கியதும் மெக்கானிக் அண்ணன் கிளட்ச் பிளேட்டை என் கையில் கொடுத்தார். உராயும் பரப்பு தேய்ந்து ரிவெட் தலைகள் பளபளத்தன. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. "கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே நிறுத்துவீர்களா, சார்? அதில்தான் இப்படித் தேயும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எதிரே பஸ் வரும்போதெல்லாம் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், கூலி சேர்த்து 15,800 ரூபாய். கோவையில் கேட்டது 24,000. பள்ளத்தில் இறங்கும்போது கேட்ட 'டொக் டொக்' சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது சஸ்பென்ஷனில் உள்ள சிறு இணைப்புக் கம்பி. இரண்டு பக்கமும் மாற்ற 2,200. ஷாக் அப்சார்பர் என்று நினைத்து மூன்று மாதம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்!

பிரேக் பேட் இன்னும் பாதி இருக்கிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வருகிறேன். நேற்று முழுச் சுமையுடன் ஏறினேன். வழியில் வந்த வாசனை தேயிலைத் தொழிற்சாலையுடையது மட்டுமே.